கடைவீதிக் கட்டடம் பாரம்பரியம் ஆகாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடைவீதிகளில் எஞ்சியிருக்கும் பழைய வணிகக் கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும், அதை மறுத்து மற்றொருவர் எழுதியதையும் தங்கள் நாளிதழில் படித்தேன். கோயிலையும் கோட்டையையும் அரண்மனையையும் பாதுகாப்பதில் பொருள் உண்டு, நாலு காசு பார்ப்பதற்காக யாரோ கட்டிய கடையையும் மண்டியையும் வங்கியையும் பாதுகாப்பதில் என்ன இருக்கிறது என்று இரண்டாமவர் கேட்டிருந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியை வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் கழித்தவன் நான். அந்தக் கேள்வியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. சின்ன ஊர் ஒன்றில், காசு புழங்குவதற்கென்றே கட்டப்பட்ட ஒரு கட்டடம் எவ்வளவு உயரத்தை எட்ட முடியும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் கொடுக்க வேண்டுகிறேன்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரில் என் மகள் குடும்பம் இருக்கிறது. அங்கே சென்றிருந்தபோது, வங்கிக்காரரான அப்பாவுக்குக் காட்ட வேண்டியது என்று சொல்லி, மேற்கே காரில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில் உள்ள ஓவட்டோனா என்ற ஊருக்கு என்னை அழைத்துச் சென்றாள். சுற்றிலும் சோளக் கொல்லைகளும் பால்பண்ணைகளும் உள்ள ஊர் அது. ஊர் நடுவே ஒரு பூங்கா. அதன் எதிரே, இரண்டு தெருக்கள் கூடும் முனையில், சிவந்த செங்கல்லில் ஒரு பெரிய பேழையைப் போல அந்தக் கட்டடம் நிற்கிறது. 1908-இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் பழைய பெயர் நேஷனல் ஃபார்மர்ஸ் பேங்க், அதாவது உழவர்களின் தேசிய வங்கி. அந்நாளில் ஊரின் மக்கள்தொகை ஆறாயிரத்தைக்கூடத் தொடவில்லை.

இந்தக் கட்டடம் எழுந்த விதத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. வங்கியின் துணைத் தலைவராக இருந்த கார்ல் பென்னட் ஹார்வர்டில் படித்தவர். இசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தும், குடும்பத் தொழிலான வங்கியைக் கவனிக்க ஊர் திரும்பியவர். புதுக் கட்டடம் தேவைப்பட்டபோது, அக்காலத்து வங்கிகள் எல்லாம் எப்படி இருந்தனவோ அப்படியே கட்டிக்கொள்ள அவருக்கு மனமில்லை. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் வெள்ளைவெளேர் மாளிகைகளைக் கண்டு மயங்கிய அமெரிக்காவில், வங்கி என்றாலே கிரேக்க, ரோமானியக் கோயிலைப் போன்ற தூண் வரிசை என்று ஆகியிருந்தது. பால் விற்ற பணத்தைக் கொண்டுவந்து கட்டும் உழவருக்கும் அந்தத் தூண்களுக்கும் என்ன உறவு என்று பென்னட் யோசித்திருக்கிறார். அந்த யோசனையோடு இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, 1906-இல் வெளியான ஒரு கட்டுரை அவர் கண்ணில் பட்டது. கட்டடக்கலை என்பது அந்தந்தக் காலத்து மக்களின் வாழ்விலிருந்து பிறக்க வேண்டும், பழைய நாடுகளின் வடிவங்களை இரவல் வாங்கக் கூடாது என்று வாதிட்ட அந்தக் கட்டுரையை எழுதியவர் லூயி சல்லிவன். பென்னட் அவருக்குக் கடிதம் எழுதினார்.

சல்லிவன் யார் என்பதைச் சொன்னால்தான் அந்தக் கடிதத்தின் துணிவு புரியும். செயின்ட் லூயிஸ் நகரின் வெயின்ரைட் கட்டடம், பஃபலோ நகரின் கேரண்டி கட்டடம் ஆகியவற்றின் மூலம், உயர்ந்த அலுவலகக் கட்டடம் என்ற புதிய வகைக்கே ஓர் ஒழுங்கான உருவத்தைத் தந்தவர் அவர். வடிவம் எப்போதும் பயன்பாட்டைப் பின்பற்றியே வரும் என்று 1896-இல் அவர் எழுதிய வாக்கியம் இன்றும் கட்டடக்கலை மாணவர்களுக்குப் பாலபாடம். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கட்டடக்கலைஞரான பிராங்க் லாயிட் ரைட் இளைஞராக வேலை பழகியது அவருடைய அலுவலகத்தில்தான். ஆனால் பென்னட்டின் கடிதம் வந்தபோது சல்லிவன் சரிந்துகொண்டிருந்தார். கூட்டாளியான டாங்க்மார் ஆட்லரிடமிருந்து 1895-இல் பிரிந்த பிறகு வேலைகள் குறைந்தன. சிகாகோவில் பெரிய முதலாளிகள் வேறு கட்டடக்கலைஞர்களை நாடிப் போய்விட்டார்கள். பெருநகரம் கைவிட்ட ஒரு மேதையைச் சின்ன ஊர் ஒன்று கூப்பிட்டது. அவரும் சின்ன ஊர்தானே என்று கையை முடக்கிக்கொள்ளவில்லை.

கட்டடத்தைத் தெருவில் நின்று பார்க்கும்போது முதலில் தெரிவது அதன் எளிமை. பக்கத்துக்கு 68 அடி கொண்ட சதுரம். ஏறக்குறைய ஒரு கனசதுரம். அடியில் செம்மணற்கல் பீடம். அதன் மேல் ஒரே நிறமாக இல்லாமல் பல சாயல்களில் சுட்டெடுத்த, சொரசொரப்பான செங்கல் சுவர். கிட்டே போனால் ஒவ்வொரு கல்லும் தனித்தனி நிறம். எட்டி நின்றால் நெய்த சமுக்காளம் போல ஒன்றாகிவிடுகிறது. தெருவை நோக்கிய இரு சுவர்களிலும் சுவரை முழுவதும் அளாவிய ஒரே ஒரு பேரரைவட்ட வளைவு. அதற்குள் வண்ணக் கண்ணாடிச் சன்னல். வளைவைச் சுற்றிச் சுவரின் ஓரங்களில் பச்சைச் சுட்டமண் பட்டையும் நீலக் கண்ணாடிப் பதிகற்களும் சட்டகம் போட்டிருக்கின்றன. மூலைகளில் இலையும் கொடியும் விதையுமாகப் பின்னிப் பிணைந்த பெரிய சுட்டமண் பதக்கங்கள். தூண் ஒன்றுகூட இல்லை. நம் கோயில் மதிலில் வெற்றுச் சுவரும் கோபுரத்தில் சிற்பமும் எப்படி ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டுகின்றனவோ, அப்படி இங்கே வெறும் செங்கல் பரப்பு அந்தப் பதக்கங்களைத் தாங்கிக் காட்டுகிறது.

உள்ளே நுழைந்ததும் நான் என்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். சன்னல்களிலிருந்தும் கூரை நடுவே பதித்த கண்ணாடியிலிருந்தும் இறங்கும் ஒளி பச்சை கலந்தது. வாழைத் தோப்புக்குள் உச்சி வெயில் எப்படி விழுமோ அப்படி. வெளியில் உள்ள இரண்டு வளைவுகளுக்கு ஈடாக, உள்ளே மற்ற இரு சுவர்களிலும் அதே அளவு வளைவுகள் உண்டு. அவற்றில் சன்னலுக்குப் பதிலாக ஓஸ்கர் குரோஸ் தீட்டிய இரண்டு சுவரோவியங்கள். ஒன்றில் பசுக்கள் மேய்கின்றன; மற்றொன்றில் அறுவடை நடக்கிறது. பணம் போட வரும் உழவர் நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பணம் எங்கிருந்து வந்ததோ அந்த நிலமே அவர் முன் விரிந்திருக்கும். நடுக்கூடத்தில் நான்கு பிரமாண்டமான வார்ப்பிரும்பு விளக்குகள் தொங்குகின்றன. டன் கணக்கில் எடையுள்ள அவை பூத்துக் குலுங்கும் செடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போல இருக்கின்றன. தனக்கு ஒரு வண்ணச் சிம்பொனி வேண்டும் என்று சல்லிவன் 1908-இல் பென்னட்டுக்கு எழுதினார். இசைப்பித்தரான பென்னட்டுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

இதில் இன்னொரு நியாயத்தையும் பதிவு செய்ய வேண்டும். கட்டடம் சல்லிவன் பெயரால் அறியப்பட்டாலும், அலங்கார வேலைகளில் பெரும்பகுதியை வரைந்தவர் அவருடைய தலைமை வரைவாளரான ஜார்ஜ் கிராண்ட் எல்ம்ஸ்லி. தாளில் இருந்த இலையையும் கொடியையும் களிமண்ணில் உயிர்ப்பித்தவர் கிறிஸ்டியன் ஷ்னைடர் என்ற உருவாக்கக் கலைஞர். கண்ணாடியையும் வண்ணத்தையும் பார்த்துக்கொண்டவர் லூயி மில்லெட். ஸ்தபதி ஒருவரின் பெயரோடு கல்தச்சர், சுதை வேலைக்காரர், வண்ணம் பூசுபவர் என்று பலருடைய கைகள் சேர்ந்துதான் கோபுரம் எழுகிறது என்பதை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் அங்கே அந்தக் கைவினைஞர்களின் பெயர்கள்கூட எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. நம் ஊர்க் கடைவீதியில் ஒரு நூற்றாண்டுக்கு முன் முகப்புச் சுதை வேலை செய்த கொத்தனாரின் பெயரை யாராவது சொல்ல முடியுமா?

வங்கிக்காரன் கண்ணுக்கு வேறு சிலவும் பட்டன. மூல அமைப்பில் உழவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசவும் கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொள்ளவும் ஓர் அறை ஒதுக்கப்பட்டிருந்தது. பெண்களுக்கென்று ஓர் அறை இருந்தது. வண்டி கட்டிக்கொண்டு பல மைல் வந்த குடும்பம் ஓய்ந்து உட்கார இடம் வேண்டும் என்று கட்டுகிறபோதே நினைத்திருக்கிறார்கள். கூடவே, வங்கியை ஒட்டி, அதே செங்கல்லில் வாடகைக் கடைகளும் அலுவலகங்களும் கொண்ட இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றையும் சல்லிவன் கட்டினார். இந்த வாடகைப் பகுதியைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வங்கி பெருமைக்காகக் கட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். வாடகைக்கு விடும் கடைக்கு அதே அக்கறையைக் காட்டியவரை என்னவென்று சொல்வது?

கடைக் கட்டடம் காசுக்காகக் கட்டியதுதானே என்ற வாசகருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். காசுக்காகக் கட்டியது என்பது உண்மை. ஆனால் அந்தக் காசு யாருடையது, எதை விளைவித்து வந்தது, அதை ஒப்படைக்க வந்தவரை அந்த ஊர் எப்படி நடத்தியது என்பதெல்லாம் அந்தச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. அரண்மனையில் அரசன் தன்னை எப்படி எண்ணிக்கொண்டான் என்று தெரியும். சாதாரண மனிதர் தம் ஊரில் எந்த இடத்தில் இருந்தார் என்று தெரிந்துகொள்ளக் கடைவீதிக்குத்தான் போக வேண்டும்.

இந்தக் கட்டடத்தின் கதை சுகமாக முடிந்த கதையும் இல்லை. முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்க வேளாண்மையில் விளைபொருள் விலையும் நிலத்தின் விலையும் விழுந்தன. உழவர்களுக்குக் கொடுத்த கடன்கள் முடங்கின. 1926-இல் பென்னட்டின் வங்கி மூடப்பட்டது. வாராக் கடன் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு வயதானவன் என்பதால், அந்த அழகான கூடத்தில் நின்றபோது அந்த ஆண்டைத்தான் அதிகம் நினைத்தேன். சல்லிவன் அதற்கு முன்பே 1924-இல், சிகாகோவில் ஒரு விடுதி அறையில், ஏழையாக இறந்துபோனார். 1909-இலேயே தம் நூல்களையும் வீட்டுப் பொருள்களையும் ஏலத்தில் விற்க நேர்ந்தவர் அவர்.

1929-இல் வேறொரு வங்கி கட்டடத்தை வாங்கியது. 1940-இல் காலத்துக்கேற்ப மாற்றுகிறோம் என்று உள்ளே கைவைத்தார்கள். எல்ம்ஸ்லி வரைந்த காசாளர் சன்னல்களின் உலோகப் பின்னல்கள் கழற்றப்பட்டன. நல்லவேளையாக அந்தப் போக்கு நீடிக்கவில்லை. 1950-களின் இறுதியில் அதே வங்கி, ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் என்ற தேர்ந்த கட்டடக்கலைஞரைக் கொண்டுவந்து, இன்றைய வங்கி வேலைக்குத் தேவையானதைச் செய்தபடியே பழையதை மதித்துச் சீரமைக்கச் செய்தது. பழைய கட்டடம் என்றால் இடித்துப் புதிதாகக் கட்டுவதே வழக்கமாக இருந்த காலம் அது என்பதை நினைத்தால், அந்த முடிவின் அருமை விளங்கும். 1971-இல் நாட்டின் வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும், 1976-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலிலும் கட்டடம் சேர்ந்தது. 1981-இல் அமெரிக்க அஞ்சல் துறை அதன் படத்தோடு 18 சென்ட் தபால்தலை வெளியிட்டது. நான் போன அன்றும் அங்கே வங்கி நடந்துகொண்டிருந்தது. ஒரு மூதாட்டி காசோலையை நீட்டிக் காசாளரோடு வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அருங்காட்சியகமாக்கி நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தால் இவ்வளவு உயிரோடு இருந்திருக்காது.

ஓவட்டோனாவுக்குப் பிறகு சல்லிவனுக்குக் கிடைத்த முக்கிய வேலைகள் பலவும் இத்தகைய சின்ன ஊர் வங்கிகள்தாம். அயோவாவில் கிரின்னல், ஒஹாயோவில் சிட்னி, விஸ்கான்சினில் கொலம்பஸ் என்று அவை பரந்து கிடக்கின்றன. சிட்னி ஊரில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்று நினைவில் நிற்கிறது. மனை எதிரே இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்துப் படம் போட்டுக் காட்டிய சல்லிவனிடம், வங்கி இயக்குநர் ஒருவர், தமக்குத் தூண் வைத்த பழைய பாணிதான் பிடிக்கும் என்றாராம். சல்லிவன் தாளைச் சுருட்டிக்கொண்டு, அதைக் கட்ட ஆயிரம் பேர் கிடைப்பார்கள், இதைக் கட்ட ஒருவன்தான் இருக்கிறான் என்று சொல்லிக் கிளம்ப முனைந்தாராம். இயக்குநர்கள் அவர் வழிக்கே வந்தார்கள். 1918-இல் முடிந்த அந்தக் கட்டடமும் நின்றுகொண்டிருக்கிறது.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். நான் எழுத்தராக முதலில் சேர்ந்த கிளை, டெல்டாவில் ஒரு சிற்றூரின் கடைத்தெருவில், நெல் வணிகர் ஒருவர் மண்டிக்காகக் கட்டிய கட்டடத்தில் வாடகைக்கு இருந்தது. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் ஒட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை. சித்திரையிலும் உள்ளே புழுக்கம் தெரியாது. தெருப்பக்கம் மூட்டை இறக்க அகலத் திண்ணை. மேலே முகப்பில் சுதையில் இரண்டு கிளிகளும் கட்டிய ஆண்டும். கிளை வேறு இடத்துக்கு மாறிய பின் அந்த முகப்பின் மேல் ஏசிபி ஷீட் எனப்படும் பளபளப்பான அலுமினியப் பலகைகளை அடித்துவிட்டார்கள். ஷீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்காகச் சுண்ணாம்புக் காரையில் வரிசையாகத் துளையிட்டு, விரிசல் விட்ட இடத்தில் சிமெண்டைப் பூசினார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்டு பூசினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். சில மழைக்காலங்களில் முகப்பு பிதுங்கியது. ஆபத்தான கட்டடம் என்று சொல்லி இடித்தார்கள். வயதானதால் விழவில்லை அது. தவறான வைத்தியத்தால் விழுந்தது.

சட்டம் இதற்கு எவ்வளவு துணை நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் நாட்டின் 1958-ஆம் ஆண்டு தொல்சின்னங்கள் சட்டம், குறைந்தது நூறு ஆண்டு ஆனவற்றையே தொல்சின்னம் என்று கொள்கிறது. அந்தச் சட்டம் அரசு எடுத்துப் பாதுகாக்கும் பெரும் சின்னங்களுக்கானது. வாடகை வாங்கிக்கொண்டு உயிரோடிருக்கும் கடைக்கு அது பொருந்தாது. அமெரிக்கப் பதிவேட்டுக்குப் பொதுவாக ஐம்பது ஆண்டு போதும். பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டது என்பதற்காக, சொந்தப் பணத்தில் பராமரிக்கும் உரிமையாளரின் கையை மைய அரசு கட்டிப்போடுவதும் இல்லை. மாறாக, வருமானம் தரும் வரலாற்றுக் கட்டடத்தை முறைப்படி சீரமைத்தால், தகுதியுள்ள செலவில் 20 சதவீதம் வரிச் சலுகையாகத் திரும்பக் கிடைக்கிறது. கடைக்காரரிடம் போய்ப் பாரம்பரியம் என்று உபதேசம் செய்வதைவிட இது மேல் என்று நினைக்கிறேன். அவர் தலைமேல் ஒழுகும் கூரையைச் சரிசெய்யச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும் கொஞ்சம் வரித் தள்ளுபடியும் கிடைத்தால், ஏசிபி ஷீட்டுக்கு அவர் ஏன் போகப் போகிறார்? சொத்து வரியைக் குறைத்துத் தருவது நகராட்சிகளால் ஆகக்கூடிய காரியம்தான். அரசு மனம் வைக்க வேண்டும்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாவட்டப் பதிப்புகளில் வாரம் ஒரு பழைய வணிகக் கட்டடத்தின் படத்தையும், அதைக் கட்டியவர், அங்கே நடந்த வணிகம், கூரையும் சுவரும் எவற்றால் ஆனவை, இன்று யார் கையில் எந்த நிலையில் இருக்கிறது என்ற விவரங்களையும் வெளியிடுங்கள். அந்தந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், பத்திரத்தில் இல்லாத செய்திகளும் கிடைக்கும். நான் வேலை பார்த்த அந்த மண்டிக் கட்டடத்தின் கிளிகளைச் செய்தவர் பெயர், எங்கள் கிளையில் கடைநிலை ஊழியராக இருந்த முதியவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்னபோது நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் மினியாபோலிஸ் நகரின் கலை அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஓவட்டோனாவில் 1940-இல் கழற்றப்பட்ட காசாளர் சன்னல்களில் ஒன்று அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில் கம்பி வலைக் கூண்டுக்குள் உட்கார்ந்து நானும் பணம் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். அதைத் தாண்டி வந்து நீண்ட எத்தனையோ கைகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. ஒரு பக்கம் கொடுப்பவரும் மறுபக்கம் வாங்குபவருமாக இரண்டு கைகள் சந்திப்பதற்கான ஒரு சிறு திறப்பு. அதைச் சுற்றி இலையும் விதையுமாக உலோகத்தில் இவ்வளவு பொறுமையான வேலை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
மன்னார்குடி.